மழை அறிக்கையும் எக்செல் கட்டமும்: நீலகிரியின் கிழக்குச் சரிவில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நீலகிரிக்கு மழை இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், நடுவட்டம், அவலாஞ்சி, அப்பர் பவானி என மேற்குப் பக்கத்தைப் பிடிக்கும். அக்டோபரில் காற்று திரும்பியதும் குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பள்ளத்தாக்கின் முறை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. பெய்தது, அப்போது சரிந்த மண்ணை இங்கே யாரும் மறக்கவில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மி.மீ. ஒரு சரிவில் கொட்டும்போது அடுத்த சரிவில் வெயில் அடிக்கும் ஊர் இது. மாவட்டச் சராசரி என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு இங்கே எந்த முடிவும் எடுக்க முடியாது. தன் சரிவில், தன் சாலைக்கு மேலே எவ்வளவு பெய்தது என்பதுதான் ஒவ்வொருவருக்கும் வேண்டும்.

இதற்காகவே ஒரு சிறு தேயிலை விவசாயிகள் சங்கமும் சில எஸ்டேட்டுகளும் ஒரு கல்லூரியின் புவியியல் துறையும் சேர்ந்து மழைமானிகளை ஒரு வலையாக இணைத்திருந்தார்கள். சில இடங்களில் தானியங்கி மழைமானி. உள்ளே இருக்கும் சிறு தட்டு நிறைந்து கவிழும் ஒவ்வொரு முறையும் 0.2 மி.மீ. என்று பதிவாகும். மற்ற இடங்களில் எஸ்டேட் ஊழியர் ஒருவர் காலை எட்டரைக்குக் குடுவையில் அளந்து, கைப்பேசியில் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்புவார். இரண்டையும் சேர்த்துக் காலை ஒன்பது மணி சுமாருக்கு ஒரு நிரல் தானாகவே அறிக்கை தயாரித்து மின்னஞ்சலில் எல்லோருக்கும் அனுப்பிவிடும். அறிக்கை சிஎஸ்வி கோப்பாகப் போகும், அதாவது எண்களையும் சொற்களையும் காற்புள்ளியால் பிரித்து வைத்த வெறும் எழுத்துக் கோப்பாக.

வாங்குகிறவர்கள் பல தரப்பட்டவர்கள். எஸ்டேட் அலுவலகங்களில் பழைய எக்செல். கல்லூரி ஆசிரியரிடம் லிப்ரே ஆபீஸ். சங்கத்தின் செயலாளர் பெரும்பாலும் கைப்பேசியில் கூகுள் ஷீட்ஸ் வழியாகப் பார்ப்பார். சங்க அலுவலகத்தில் கணக்கு எழுதும் பெண் ஒருவர் தினமும் அந்தக் கோப்பைத் திறந்து, தன்னிடம் இருக்கும் பெரிய தாளில் அன்றைய எண்களை ஒட்டிவைப்பார். அந்தப் பெரிய தாளில்தான் மூன்று நாள் கூட்டல் வரும். தாழ்வான சாலை ஒன்றில் பச்சைத் தேயிலை ஏற்றப் போகும் வண்டியை அனுப்பலாமா வேண்டாமா என்பதை அந்தக் கூட்டலை வைத்து முடிவு செய்வார்கள். மூன்று நாளில் 150 மி.மீ. தாண்டினால் வண்டி போகாது. இது அவர்களே தங்கள் அனுபவத்தில் வகுத்துக்கொண்ட எல்லை.

பழைய அறிக்கை

பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதலில் நான்கு வரிகளுக்குத் தலைப்பும் தேதியும் ஒரு வாழ்த்தும். அப்புறம் தாலுகா வாரியாக மழைமானிகள். ஒவ்வொரு தாலுகாவும் முடிந்ததும் ஒரு சராசரி வரி. பிறகு ஒரு வெற்று வரி. தாலுகாவுக்குள் அன்று அதிகம் பெய்த இடம் மேலே, குறைந்த இடம் கீழே. அளவு வராத இடத்தில் இரட்டைக் கோடு. கடைசியில் குறிப்புகள். காலையில் டீக் குடித்துக்கொண்டே படிக்கிறவருக்கு இது போதும். அதை எழுதிய இளைஞரும் படிக்கிறவரை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார். முதலில் கேட்டவர்கள் கேட்டதும் அதைத்தான்.

ஆனால் போகப் போக அதைப் படிப்பவர்கள் குறைந்து, அதிலிருந்து கணக்குப் போடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். அறிக்கையின் வடிவம் மட்டும் மாறவில்லை.

நவம்பரில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பரில் கிழக்குச் சரிவில் மூன்று நாள் விடாத மழை. சங்கத்தின் சாலைக்கு மேலே இருக்கும் தானியங்கி மழைமானி முதல் நாள் 58.4 மி.மீ. காட்டியது. இரண்டாம் நாள் அதன் புனலில் சில்வர் ஓக் சருகு அடைத்துக்கொண்டது. பக்கத்திலேயே குடுவையும் இருந்ததால், அளக்கும் ஊழியர் அதைப் பார்த்துப் படிவத்தில் எழுதி அனுப்பினார். எழுதும்போது '71.2 மி.மீ.' என்று அலகையும் சேர்த்து எழுதிவிட்டார். மனிதர் எழுதுவது அப்படித்தான் இருக்கும். நிரல் அதை அப்படியே கோப்பில் வைத்தது. சருகை எடுத்துவிட்டதால் மூன்றாம் நாள் தானியங்கியிலிருந்து 46.6 வந்தது.

சங்க அலுவலகத் தாளில் மூன்று நாள் கூட்டல் 105 என்று வந்தது. 150-க்கு வெகு கீழே. வண்டி போனது.

சரியான கூட்டல் 176.2.

வண்டி இலை ஏற்றிக்கொண்டு திரும்பிய பிறகு, மாலையில் அந்தச் சாலையில் ஒரு வளைவில் மண் சரிந்து வழி அடைபட்டது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மறுநாள் ஓட்டுநர்தான் முதலில் கேட்டார்: "இவ்வளவு மழைக்கு வண்டிய அனுப்பினது எப்படி?" கணக்கு எழுதுபவர் தாளைத் திறந்து காட்டினார். தாளில் அவர் செய்ததில் ஒரு தவறும் இல்லை.

சங்கத்தினர் என்னைக் கூப்பிட்டது இதற்குப் பிறகுதான். குன்னூரில் சில அலுவலகங்களுக்குத் தரவு வேலை செய்து கொடுப்பவன் நான். பழைய நிரலை எழுதிய இளைஞர் வேலைக்காக வெளியூர் போய்விட்டிருந்தார். கேட்ட போதெல்லாம் போனில் பொறுமையாக விளக்கினார்.

கோப்பைத் திறந்து பார்த்ததில்

முதல் விஷயம் எளிதில் தெரிந்தது. ஒரு கட்டத்தில் எண்ணோடு எழுத்தும் இருந்தால் எக்செல்லுக்கு அது எண் அல்ல, எழுத்து. வரம்பு கொடுத்துக் கூட்டச் சொன்னால் எழுத்துள்ள கட்டத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். பிழை என்றும் சொல்லாது. கட்டங்களை ஒவ்வொன்றாகக் கூட்டல் குறி போட்டுக் கூட்டியிருந்தால் பிழை கண்ணில் பட்டிருக்கும். வழக்கமாக எண் வலப்பக்கமும் எழுத்து இடப்பக்கமும் ஒட்டி நிற்கும். உற்றுப் பார்ப்பவருக்கு அதுவே ஒரு துப்பு. அலுவலகத் தாளில் எல்லாவற்றையும் அழகுக்காக நடுவில் நிறுத்தியிருந்தார்கள். அந்தத் துப்பும் போனது.

அடுத்து, கணக்கு எழுதுபவரிடம், ஏன் இதையெல்லாம் கையால் ஒட்டுகிறார் என்று கேட்டேன். மழைமானியின் குறியீட்டை வைத்துத் தானாகத் தேடி எடுக்க ஃபார்முலா உண்டே? அவர் சொன்னது: "போட்டுப் பாத்தேன் சார். கிழக்குல இருக்கிற மானிங்க மட்டும் வரவே மாட்டேங்குது. குறியீடே மாறிப் போயிடுது. அதனால நம்ம மானிய மட்டும் பேரத் தேடி எடுத்துப்பேன், மத்தத வரிசையா ஒட்டிடுவேன்."

குறியீட்டில் முதலில் பள்ளத்தாக்கின் எண், நடுவில் திசைக்கு ஓர் ஆங்கில எழுத்து, கடைசியில் மழைமானியின் எண். மேற்குக்கு டபிள்யூ. கிழக்குக்கு ஈ. இரண்டு எண்களுக்கு நடுவே ஈ எழுத்து வந்தால் விரிதாள் அதை அறிவியல் முறையில் எழுதிய எண் என்று எடுத்துக்கொள்ளும்; ஈ-க்குப் பின் வரும் எண், முன்னால் இருக்கும் எண்ணோடு எத்தனை பூஜ்யம் சேர வேண்டும் என்று சொல்லும். முதலாம் பள்ளத்தாக்கின் இரண்டாவது கிழக்கு மழைமானி, அதாவது ஒன்று-ஈ-இரண்டு, அதற்கு 100. பத்தாம் பள்ளத்தாக்கின் முதல் கிழக்கு மழைமானி, பத்து-ஈ-ஒன்று, அதுவும் 100. வெவ்வேறு சரிவில் இருக்கும் இரண்டு மழைமானிகள் கோப்பைத் திறந்த அந்த நொடியில் ஒன்றாகிவிட்டன. மேற்கு மழைமானிகளுக்கு இந்தச் சிக்கலே இல்லை. அதனால் தென்மேற்குப் பருவத்தில் பெரும்பாலும் சரியாக ஓடிய முறை, கிழக்கு மழைமானிகளை நம்பியே ஆக வேண்டிய வடகிழக்குப் பருவத்தில் கைவிட்டது. இது இந்த மண்ணில் சிறிய விஷயம் அல்ல.

வரிசையாக ஒட்டுவது அதைவிட மோசம். அறிக்கையில் வரிசை தினமும் மாறுகிறது, அதிக மழை மேலே. நேற்று மூன்றாவது வரியில் இருந்த மழைமானி இன்று ஏழாவது வரியில் இருக்கும். சங்கத்தின் சொந்த மழைமானி தப்பியது, பெயரைத் தேடி எடுத்ததால். மற்ற மழைமானிகளின் பல மாத எண்கள் ஒன்றோடொன்று மாறிக் கிடந்தன.

தேதி தனிக் கதை. அறிக்கையில் நவம்பர் 8-ஐ 08/11 என்ற பாணியில் எழுதியிருந்தார்கள், நாம் வழக்கமாக எழுதுவது போல. செயலாளரின் கூகுள் ஷீட்ஸ் அமெரிக்க அமைப்பில் இருந்தது; அங்கே அது ஆகஸ்ட் 11. பன்னிரண்டாம் தேதி வரை இப்படி மாதமும் நாளும் இடம் மாறும். பதின்மூன்றிலிருந்து அப்படி ஒரு மாதம் கிடையாது என்பதால் எழுத்தாகவே நின்றுவிடும். வேறு ஊராக இருந்தால் ஆகஸ்டில் இவ்வளவு மழையா என்று யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். நீலகிரியில் ஆகஸ்டிலும் பெய்யும், நவம்பரிலும் பெய்யும். யாரும் சந்தேகப்படவில்லை.

நாள் எங்கே தொடங்குகிறது என்பதிலும் இரண்டு கணக்கு ஓடியது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வழக்கப்படி மழை நாள் என்பது காலை எட்டரை முதல் மறுநாள் காலை எட்டரை வரை. குடுவையில் அளப்பவர்கள் அப்படித்தான் அளந்தார்கள். தானியங்கி மானியின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடியது. அங்கே நள்ளிரவு என்பது நமக்குக் காலை ஐந்தரை. நிரல் அந்த நள்ளிரவில் நாளை வெட்டியது. ஒரே மழைமானிக்கு ஒரு நாள் தானியங்கி அளவும் அடுத்த நாள் குடுவை அளவும் வந்தால், இடையில் மூன்று மணி நேரம் கணக்கிலேயே வராமல் போகும். அதற்கடுத்த நாள் மறுபடி தானியங்கிக்கு மாறும்போது மூன்று மணி நேரம் இரண்டு முறை சேரும். மேலே சொன்ன 176.2-லும் இந்தப் பிசிறு உண்டு. எல்லையைத் தாண்டியதா என்ற கேள்விக்கு அது விடையை மாற்றாது. ஆனால் ஒரே இரவில் பெய்த பெருமழை இரண்டு நாளாகப் பிரிந்துபோனால் விடை மாறும். வானிலைத் துறை 64.5 முதல் 115.5 மி.மீ. வரை கனமழை என்றும், 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை என்றும், அதற்கு மேல் அதி கனமழை என்றும் பிரிக்கிறது. வெட்டுகிற நேரம் தவறினால் மிகக் கனமழை இரண்டு கனமழை நாட்களாகத் தெரியும்.

மிச்சமிருந்தவை சின்னச் சின்ன விஷயங்கள். நெடுவரிசை முழுவதற்கும் சராசரி எடுத்தால் நடுவில் இருக்கும் தாலுகா சராசரி வரிகளும் சேர்ந்தன. தமிழ்ப் பெயர்கள் எக்செல்லில் ஐரோப்பிய எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன. கோப்பு, தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யுடிஎஃப்-8 முறையில் இருந்தாலும் அதைச் சொல்லும் மூன்று பைட் அடையாளம் கோப்பின் தலையில் இல்லாததுதான் காரணம்; லிப்ரே ஆபீஸ் திறக்கும்போதே எழுத்து முறையைக் கேட்டுவிடுவதால் கல்லூரி ஆசிரியருக்கு இந்தச் சிக்கல் வரவே இல்லை. ஊழியர் எழுதிய '-அடைப்பு' என்ற குறிப்பு, கழித்தல் குறியில் தொடங்கியதால் ஃபார்முலா என்று எடுத்துக்கொள்ளப்பட்டுப் பிழையாக நின்றது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தந்தது வேறொன்று. தானியங்கி மழைமானியிலிருந்து எதுவும் வராத நாளில், கோப்பு காலியாக இருந்தால் நிரல் இரட்டைக் கோடு போட்டது. சருகு அடைத்தோ தட்டு சிக்கியோ மழைமானி உயிரோடு இருந்து கவிழாமல் நின்றால் 0 போட்டது. கொட்டும் மழையில் 0. இரட்டைக் கோட்டையும் சில அலுவலகங்களில், சராசரி ஃபார்முலா சரியாக ஓடட்டும் என்று, ஒரேயடியாக 0 என்று மாற்றிக்கொண்டிருந்தார்கள். மழை இல்லை என்பதும் அளவு தெரியவில்லை என்பதும் ஒரே எண்ணாகிவிட்டன. சாலைக்கு மேலே இருக்கும் சரிவைப் பற்றி முடிவெடுக்கிறவருக்கு இவை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான செய்திகள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் இரண்டாகப் பிரித்தோம். படிப்பதற்கு ஒரு சின்னச் செய்தி; காலையில் வாட்ஸ்அப்பில் போகும்; அதிக மழை மேலே, தாலுகா சராசரி எல்லாம் அதில் இருக்கும். கணக்குக்குத் தனிக் கோப்பு. ஒரே கோப்பில் இரண்டையும் வைக்கலாம் என்று எஸ்டேட் தரப்பில் சொன்னார்கள். அலங்காரம் ஒவ்வொன்றும் கணக்குக்கு ஒரு தடை என்பதை நவம்பர் கோப்பை வைத்தே காட்டியதும் ஒப்புக்கொண்டார்கள்.

கணக்குக் கோப்பில் ஒரு வரி என்றால் ஒரு மழைமானி, ஒரு நாள். அவ்வளவுதான். முதல் வரியில் மட்டும் நெடுவரிசைப் பெயர்கள்: தேதி, குறியீடு, இடம், தாலுகா, மழை (மி.மீ.), எப்படி அளந்தது, நிலை, குறிப்பு. அலகு பெயரில் மட்டுமே வரும், கட்டத்தில் வராது. தலைப்பு, வாழ்த்து, வெற்று வரி, இணைத்த கட்டம், இடைச் சராசரி எதுவும் கிடையாது. வரிசை எப்போதும் குறியீட்டின்படி. நாளுக்கு ஒரு நெடுவரிசை என்று பக்கவாட்டில் வளரும் தாள்தான் கண்ணுக்குப் பழக்கம் என்று செயலாளர் சொன்னார். அது வேண்டுமென்றால், பட்டியலைத் திருப்பி அடுக்கித் தரும் எக்செல் வசதியான பைவட் டேபிள் ஒரு நிமிடத்தில் தந்துவிடும். பக்கவாட்டில் வளர்ந்த தாளை மறுபடி இந்த வடிவத்துக்குக் கொண்டுவருவதற்குள் கண் பூத்துவிடும். அவருக்கு ஒரு பைவட்டைப் போட்டே கொடுத்தோம்.

சிஎஸ்வியா எக்செல் கோப்பா என்பதில் கொஞ்சம் நேரம் போனது. சிஎஸ்வியில் எது எண், எது எழுத்து, எது தேதி என்ற தகவலே இல்லை. திறக்கிற மென்பொருள் ஒவ்வொன்றும் தன் ஊகத்தில் முடிவு செய்யும். 2023-இல் எக்செல்லில் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் அமைப்பு வந்தது. ஆனால் அது ஒவ்வொரு கணினியிலும் போய் மாற்ற வேண்டிய அமைப்பு. எஸ்டேட் அலுவலகங்களில் இருப்பது பழைய பதிப்பு. அதனால் நிரலே எக்செல் கோப்பை நேரடியாக எழுதும்படி மாற்றினோம். அதில் தேதிக் கட்டம் தேதியாகவும் குறியீடு எழுத்தாகவும் மழை எண்ணாகவும் முன்பே முத்திரை குத்தப்பட்டுப் போகும். ஊகிக்க எதுவும் மிச்சமில்லை. கல்லூரி ஆசிரியர் தன் நிரல்களுக்கு சிஎஸ்விதான் வேண்டும் என்றார். அவருக்கு அதே தரவு சிஎஸ்வியாக, தலையில் அடையாளத்தோடு, தேதியை 2009-11-10 என்பது போல ஆண்டு முன்னால் வரும் ஐஎஸ்ஓ 8601 முறையில் எழுதிப் போகிறது. கோப்பின் பெயரிலும் அதே முறை. அடுக்கினால் தானாக நாள் வாரியாக நிற்கும்.

குறியீடுகளை மாற்றுவதுதான் எல்லோருக்கும் கசந்தது. எக்செல் கோப்பில் எழுத்தாகவே போகும்போது பழையதே இருக்கட்டுமே என்றார்கள். இந்தக் கோப்பிலிருந்து நாளை யாராவது ஒரு சிஎஸ்வி எடுப்பார். அன்று மறுபடி 100 வரும். மரபணுப் பெயர்களுக்கே இது நடந்திருக்கிறது. மார்ச், செப்டம்பர் போலத் தெரியும் பெயர்களை எக்செல் தேதியாக்கி, ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணைகளில்கூட அந்தப் பிழை புகுந்தது. கடைசியில் 2020-இல் பெயர்களை முடிவு செய்யும் குழுவே அந்த மரபணுக்களின் பெயரை மாற்ற வேண்டி வந்தது. மழைமானிப் பெயரை மாற்றுவது அதைவிட எளிது என்று சொன்னதும் கல்லூரி ஆசிரியர் எங்கள் பக்கம் சாய்ந்தார். புதிய குறியீடு: தாலுகாவின் முதல் மூன்று ஆங்கில எழுத்து, ஒரு இடைக்கோடு, மூன்று இலக்க எண். எழுத்தில் தொடங்குவதால் அது எண்ணாக மாறாது. மூன்றெழுத்து எதுவும் மாதப் பெயரைப் போல இல்லை என்றும் பார்த்துக்கொண்டோம். பழைய குறியீட்டுக்கும் புதியதற்கும் ஒரு பொருத்தப் பட்டியல் இரண்டாவது தாளில் இருக்கிறது.

காலிக் கட்டம் பற்றித்தான் அதிகம் பேசினோம். அளவு இல்லாத நாளில் மழைக் கட்டம் காலி. 0 கூடாது, கோடு கூடாது. கணக்கு எழுதுபவருக்கு இதில் ஒரு நியாயமான பயம்: "காலியா விட்டா மழை இல்லைன்னு நினைச்சுட மாட்டாங்களா?" நினைப்பார்கள். கூட்டலும் காலியை 0 போலத்தான் நடத்தும். அதனால் இரண்டு விஷயம் சேர்த்தோம். பக்கத்தில் நிலை என்ற நெடுவரிசை. அதில் மூன்றே சொற்கள்: சரி, அளவு இல்லை, சந்தேகம். அப்புறம், சங்கத் தாளில் மூன்று நாள் கூட்டலுக்குப் பக்கத்தில் எத்தனை நாளுக்கு எண் இருக்கிறது என்ற எண்ணிக்கையும் வரும். மூன்று என்று இருந்தால்தான் கூட்டல் கறுப்பு நிறத்தில் தெரியும். குறைந்தால் கட்டமே சிவக்கும். இப்படி இருந்திருந்தால் நவம்பரில் 105-க்குப் பக்கத்தில் 2 என்று நின்றிருக்கும். எண்ணிக்கை ஃபார்முலா எழுத்தை எண்ணாது.

சந்தேகம் என்ற சொல்லை எப்போது போடுவது? சுற்றியுள்ள மழைமானிகள் எல்லாம் மழை காட்டும்போது ஒன்று மட்டும் 0 காட்டினால். மிகப் பெரிய எண் வந்தாலும் போடும். இங்கே ஒரு யோசனை வந்தது: 300-க்கு மேல் வந்தால் கருவிப் பிழை என்று நீக்கிவிடலாம் என்று. அதை ஏற்கவில்லை. அந்த விதி இருந்தால் கேத்தியின் 820-ம் அவலாஞ்சியின் 911-ம் கோப்பிலேயே இருக்காது. பெரிய எண் தன் இடத்திலேயே இருக்கும். நிலையில் மட்டும் சந்தேகம் என்று வரும். ஒருவர் போன் செய்து உறுதி செய்வார்.

நாளை எட்டரைக்கு வெட்டும்படி நிரலை மாற்றினோம். உலகப் பொது நேரத்தில் அது காலை மூன்று மணி. நாளுக்கு எந்தத் தேதியைப் போடுவது என்பதிலும் வானிலைத் துறையின் வழக்கமே: நாள் முடியும் காலையின் தேதி. இதை விளக்கத் தாளில் ஒரு வரியில் எழுதிவைத்திருக்கிறோம். படிவத்தில் இனி எண்ணை மட்டுமே உள்ளிட முடியும். எழுத்து வந்தால் படிவமே ஏற்காது.

மாற்றிய பிறகு

பனிக்காலத்தில் மழை குறைவு. ஜனவரியில் தொடங்கிப் பழையதும் புதியதும் சேர்ந்தே போய்க்கொண்டிருந்தன. ஒரே கேள்விக்கு இரண்டு கோப்பிலிருந்தும் விடை எடுத்து ஒப்பிடச் சொன்னோம். ஜூனில் மேற்கில் மழை பிடித்ததும் பழையதை நிறுத்தினோம்.

முதல் எதிர்ப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. எஸ்டேட் மேலாளர் ஒருவர், "இது அறிக்கையா, வெறும் பட்டியலா?" என்று கேட்டார். தாலுகா சராசரி அவருக்குத் தேவைப்பட்டது. வாட்ஸ்அப் செய்தியில் அது இருப்பதைக் காட்டிய பிறகு அமைதியானார். முதல் வரி மேலே உறைந்து நிற்பதும், ஒவ்வொரு நெடுவரிசையிலும் வடிகட்டி இருப்பதும் அவருக்குப் பிறகு பிடித்துப்போயின. தன் எஸ்டேட்டின் மழைமானியை மட்டும் தட்டி எடுத்து மாதம் முழுவதையும் பார்க்கிறார்.

கைவிட்ட இடமும் ஒன்று உண்டு. ஓர் அலுவலகத்தில் தினசரிக் கோப்பின் கடைசியில் ஒரு மொத்த வரியைக் கையால் சேர்த்து, அந்தக் கோப்பையே மற்றவர்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அது சிலரின் பெரிய தாளுக்குள் போய், எந்த மழைமானிக்கும் சொந்தமில்லாத ஒரு பெருமழை நாளை உண்டாக்கியது. சங்கத்தின் தாளில் குறியீடு இல்லாத வரியை எடுக்காது என்பதால் அங்கே பாதிப்பில்லை. மற்றவர்களுக்கும் அதே வகைத் தாளைத் தந்தோம். தரவு ஒரு தாளில், கூட்டல்கள் வேறு தாளில்.

நிலை என்ற நெடுவரிசையால் நாங்கள் நினைக்காத ஒரு பயன் கிடைத்தது. மாத முடிவில் அதை வடிகட்டிப் பார்த்தால் எந்த மழைமானி அடிக்கடி நின்றுபோகிறது என்று தெரிகிறது. நிழல் மரங்களுக்கு நேர் கீழே இருந்த இரண்டு மழைமானிகளில் 'சந்தேகம்' திரும்பத் திரும்ப வந்ததால், அவற்றைத் திறந்த வெளிக்கு மாற்றினார்கள். பழைய கோப்பில் அந்த நாட்கள் எல்லாம் 0 என்று மழையில்லா நாட்களாக உட்கார்ந்திருந்தன.

அடுத்த வடகிழக்குப் பருவத்தில் அந்தச் சாலைக்கு மேலே இரண்டு முறை கூட்டல் எல்லையைத் தாண்டியது. ஒரு முறை கட்டம் சிவந்தது. மூன்றில் ஒரு நாள் அளவு வரவில்லை. கணக்கு எழுதுபவர் ஊழியருக்குப் போன் செய்து குடுவை அளவைக் கேட்டு, படிவத்தில் போடச் சொன்னார். மூன்று முறையும் வண்டி போகவில்லை. இலையைச் சுமந்து மேல் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். அதில் விவசாயிகளுக்குக் கூலி நஷ்டம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும்.

இன்னும் மாற்ற வேண்டியவை

இப்படி ஒரு வேலையை மறுபடி எடுத்தால், நிரல் எழுதும் முன் ஒரு காலை முழுக்கக் கணக்கு எழுதுபவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கோப்பை என்னென்ன செய்கிறார் என்று பார்ப்பதிலிருந்தே தொடங்க வேண்டும். குறியீடு மாறிப்போவதை அவர் பல மாதமாக அறிந்திருந்தார். தன் கணினியில் ஏதோ கோளாறு என்று நினைத்து அதை யாரிடமும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

நெடுவரிசைகளின் வரிசை மாறாது, புதியது வந்தால் வலக்கோடியில்தான் சேரும் என்ற உறுதியை விளக்கத் தாளில் எழுதியிருக்கிறோம். அது காப்பாற்றப்படுகிறதா என்று நிரலே தினமும் சரிபார்க்கும் ஏற்பாடு இன்னும் இல்லை. அது வர வேண்டும்.

பழைய ஆண்டுகளின் கோப்புகளைப் புதிய வடிவத்துக்குக் கொண்டுவருவது பாதியில் நிற்கிறது. பதின்மூன்றாம் தேதியிலிருந்து வரும் நாட்களில் சிக்கல் இல்லை. பன்னிரண்டு வரை உள்ள தேதிகளில் மாதம் எது, நாள் எது என்பதைக் கோப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாத இடங்கள் நிறைய. அவற்றை எஸ்டேட்டுகளில் ஊழியர்கள் கையால் எழுதிவைத்த மழைப் பதிவேட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் திருத்துகிறோம். குன்னூர், கோத்தகிரி தாலுகாக்களின் மழைமானிகள் முடிந்துவிட்டன. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பதிவேடுகளை இப்போதுதான் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறோம்.